சந்தைக்குச் சம்மதம், சபைக்கு மறுப்பு

ஒரு தாயின் பிள்ளைகள் பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், லண்டன் எனப் பிரிந்து வாழ்வது நம்மவரிடையே புதுமையன்று. இந்நால்வருள் பாரிசில் உள்ளவர் மட்டுமே ஐரோப்பிய ஒன்றியத்துள் வாழ்கிறார். ஏனைய மூவரின் நாடுகளும் ஒன்றியத்தோடு தாராளமாக வணிகம் செய்கின்றன. ஆயினும் அதில் அங்கம் வகிக்கவில்லை. லாச்சப்பலில் இதுபற்றிப் பேச்செழுந்தால், "பணக்கார நாடுகளின் கர்வம்" என்று கூறி முடித்துவிடுகிறோம். அப்பதில் போதாது.

1957இல் பிரான்சு உட்பட ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டுப் பொதுச் சந்தையை உருவாக்கின. பொதுவான சுங்கவரி, பொதுவான விவசாயக் கொள்கை, காலப்போக்கில் அரசியல் நெருக்கம் என்பன அவற்றின் நோக்கம். 1960இல் பிரித்தானியா, நோர்வே, சுவிற்சர்லாந்து உள்ளிட்ட ஏழு நாடுகள் வேறு வழி தேடின. தமக்கிடையே தீர்வையை நீக்குவோம். பிற நாடுகளுடனான வணிகத்தை அவரவரே தீர்மானிப்போம் என்றன. அதுவே ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்கம். பிரித்தானியாவும் டென்மார்க்கும் 1973இல் மறுபக்கம் சென்றன. இன்று நோர்வே, சுவிற்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்ரைன் ஆகிய நான்குமே அச்சங்கத்தில் எஞ்சியுள்ளன.

நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் சர்வசன வாக்கெடுப்பில் ஒன்றிணைய மறுத்தனர். தம் கடலின் மீனையும் சிறு விவசாயிகளையும் பிறர் தீர்மானத்துக்கு விட அவர்கள் விரும்பவில்லை. நூற்றாண்டுகளாக டென்மார்க்கின் கீழும், பின்னர் 1905 வரை சுவீடனுடனான ஒன்றியத்திலும் இருந்த மக்கள் அவர்கள். 'ஒன்றியம்' என்ற சொல்லே அவர்களுக்குக் கசந்ததில் வியப்பில்லை. சுவிஸ் மக்களோ நடுநிலைமையையும், சட்டங்களைத் தாமே வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமையையும் பெரிதெனக் கருதுபவர்கள். 1992இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் இணைவதைக்கூட மிகச் சிறிய வித்தியாசத்தில் நிராகரித்தனர்.

சிறிய மக்களினங்களின் இந்த அச்சத்தை நாம் ஏளனஞ் செய்யலாகாது. பெரிய சபையிற் சிறியவர் குரல் அமுங்கிப்போவதை அனுபவித்து அறிந்தவர்கள் நாம்.

ஆனால் வெளியே நிற்பதற்கும் விலையுண்டு. 1994 முதல் பொருளாதாரப் பரப்பில் உள்ள நோர்வே, ஒன்றியச் சந்தையின் விதிகளை ஏற்று நடக்கின்றது, நிதியும் வழங்குகின்றது. அவ்விதிகளை இயற்றும் சபையில் அதற்கு வாக்கில்லை. 2020இல் வெளியேறிய பிரித்தானியா தன் சட்டங்களைத் தானே இயற்றும் உரிமையை மீட்டது. அதன் வணிகர்களோ சுங்கப் பத்திரங்களை நிரப்ப வேண்டியவராயினர்.

விதிக்குப் பணிந்து, வரி செலுத்தி, வாக்கின்றி வாழ்வது எத்தகையது என்பதை அகதிகளாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நோர்வே மக்கள் அந்நிலையைத் தாமே வாக்களித்துத் தெரிந்தெடுத்தனர். நம்மை எவரும் கேட்கவில்லை. வேறுபாடு இதுவே.

ஆதலின், அச்சம் நியாயமானதாயினும், தீர்மானிக்கும் சபைக்குள் அமர்ந்து வாதாடுவதே மேல் என்பது நம் கருத்து. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம்மவருக்கு அச்சபையின் ஒரு மூலை கிடைத்துள்ளது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றது, அடுத்தது 2029இல். வாக்காளர் இடாப்பில் தம் பெயரும் வளர்ந்த பிள்ளைகளின் பெயரும் உள்ளனவா என்பதை அவர்கள் நகரசபையில் உறுதிசெய்து கொள்ளட்டும். வாக்கற்ற நம் உறவுகளுக்காகவும் பேசவேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.