சுடுறதுக்கு முன்னாடி பூசணும்!

புரவி எடுப்புக்கு எங்க தாத்தா மண்குதிரை செய்வார். சுட்ட பிறகு கடைப் பெயிண்ட் அடிப்பார். "பளபளன்னு இருந்தாத்தாம்மா ஊர்ல கேக்குறாங்க" என்பார். ரெண்டு மழை பெய்தால் கழுத்து மணிமாலை எல்லாம் உரிஞ்சு போகும். பார்த்தா அழுகை வரும்.

கீழடியில் கிடைத்த சிவப்புப் பூச்சுப் பானை ஓடுகளைப் பாருங்கள். 2000 வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் சிவப்பு போகவில்லை. காரணம், செங்காவிக் கரைசலைச் சுடும் முன்பே பூசினார்கள். அதிலுள்ள இரும்பு சூளையில் சிவந்து, ஓட்டோடு ஒட்டிக்கொண்டது.

காவியில் ரோஸ், பச்சை வராதுதான். அதனால் என்ன? மெல்லிய தூரிகையால் மணிமணியாக வரையலாமே!

இன்னிக்கே உங்க வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். நிறம் குறைஞ்சாலும் நிலைக்கிற குதிரையைக் கேக்கட்டும். ஊர் கேட்டாத்தான் தாத்தா மாறுவார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி