வாணிஷின் மேல் பெயின்ற்

புலம்பெயர்ந்த உறவினர் ஊருக்கு வந்ததும் பெரும்பாலும் செய்கின்ற முதல் வேலை, பூர்வீக வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பிப்பது. நல்ல காரியந்தான். ஆனால், அந்த அவசரத்தில் பாட்டனார் காலத்து வாணிஷ் கதவுகளுக்கும் எனாமல் பெயின்றைப் பூசிவிடுகின்றனர். இதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டு முன்கதவுக்கும் இதுவே நேர்ந்தது. மாரி முடியுமுன்னரே பெயின்ற் வெடித்துத் தோல் போல உரிந்தது. அடியில் இருந்த வாணிஷோ முன்போலவே மினுங்கிக்கொண்டிருந்தது. "பெயின்ற் தரமில்லை" என்றார் பூசியவர். என் கருத்து வேறு.

காய்ந்த வாணிஷ் கண்ணாடி போல வழுவழுப்பானது. பெயின்ற் பற்றிக்கொள்ள அதில் பிடி கிடையாது. போதாக்குறைக்குக் காலகாலமாகப் படிந்த கையெண்ணெயும் மெழுகும் வேறு. சவர்க்கார நீரால் கழுவி, உலரவிட்டு, பளபளப்பு மங்கும்வரை அரத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிறைமர் பூசி, அதுவும் காய்ந்த பின்னரே பெயின்றைத் தொடவேண்டும். இதற்கு மேலதிகமாக ஓரிரு நாட்கள் போதும். அந்த ஓரிரு நாட்களைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

பெயின்றின்மேல் வாணிஷ் பூசுவோரும் உளர். அதில் தவறில்லை. ஆனால் எண்ணெய் வாணிஷ் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைக் கதவு பழுப்பேறிவிடும். வெளிர்நிறங்களுக்கு நீரிற் கரையும் வாணிஷே உகந்தது.

ஓவியர்கள் இதனை நன்கறிவர். றெம்பிரான்ட் 1642இல் தீட்டி முடித்த, அம்ஸ்ரர்டாமில் உள்ள 'இரவுக் காவல்' ஓவியம் உண்மையில் பகற்காட்சியே. வாணிஷும் அழுக்கும் சேர்ந்து கறுத்தமையாலேயே அதற்கு அப்பெயர் வாய்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்த வாணிஷை நீக்கியபோது பகல் மீண்டது. 1990இல் ஒருவர் அவ்வோவியத்தின்மீது அமிலம் விசிறியபோது, அதைத் தாங்கி வர்ணத்தைக் காத்ததும் வாணிஷ்தான். வேண்டும்போது அகற்றக்கூடியதாக மேற்பூச்சு இருந்தமையால் விளைந்த நன்மை இது.

பழைய கதவின்மேல் நாம் பூசும் எனாமல் அத்தகையதன்று. மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டால், பின்னர் எந்த ஓடாவியாராலும் அந்த மரவரிகளை முழுமையாக மீட்டுத்தர இயலாது.

பெயின்றே ஆகாது என்பதல்ல என் வாதம். வெயில் நேரே விழும் கதவுக்குப் பெயின்றே சிறந்த காப்பு. தெளிந்த வாணிஷினூடே சூரியஒளி புகுந்து மரத்தைச் சிதைக்கும். பெயின்றின் நிறப்பொருள் அதைத் தடுக்கும். ஆனால் விறாந்தை நிழலில் நிற்கும் கதவுக்கு அந்தத் தேவை ஏது? இலேசாகத் தேய்த்து மீண்டும் ஒரு பூச்சு வாணிஷ் கொடுத்தால் போதுமே.

புதுப்பிக்கப் பணம் அனுப்புவோர் தயவுசெய்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: "கதவில் இப்போது என்ன பூசியிருக்கிறது?" நிறத்தைத் தெரிவு செய்வதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.