எழுத்தும் இசையும்

புதுக்கோட்டைச் சீமை இசைக்குப் பெயர்பெற்றது. கஞ்சிராவை இசையரங்கிற்குக் கொணர்ந்த மான்பூண்டியாப் பிள்ளையும், அவர்தம் மாணாக்கராய் மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புகழ் எய்திய தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் அச்சீமையின் செல்வங்கள். அத்தகைய நாட்டில் இளைஞர் இசையை விரும்புதல் வியப்பன்று. ஆயின், இக்காலத்து மாணவர் பலர், காதுகளில் சிறு ஒலிப்பான்களைச் செருகிக்கொண்டு, இசை கேட்டவாறே கட்டுரை எழுதுகின்றனர். இப்பழக்கம் நன்றா, தீதா என்பது ஆராயத்தக்கது.

“இசை வேலையின் சுமையைக் குறைக்குமன்றோ?” என்று சிலர் வினவுவர். அஃது உண்மையே. நடவு நடும் பெண்டிர் பாடுவர். ஏற்றம் இறைத்தோர் பாடினர். தாளத்திற்கேற்பக் கையும் காலும் இயங்கின, களைப்பும் மறைந்தது. ஆனால், அவ்வேலைகளில் உழைப்பது உடல். நாவுக்கு வேலை இல்லை. எழுதுவோன் நிலை வேறு. அவன் ஒரு தொடரை எழுதுமுன் அதனைத் தன் உள்ளத்தே சொல்லிப் பார்க்கின்றான். ஓசை இடறுகின்றதா, பொருள் பொருந்துகின்றதா என்று அகச்செவியால் கேட்கின்றான், பின்னரே எழுதுகின்றான். அவ்வேளையில் புறத்தேயிருந்து ஒரு பாட்டு வருமாயின், அதன் சொற்களும் அவன் சொற்களும் ஒரே வாயிலில் நுழைய முயலும். இரண்டும் நெருக்குண்டு நிற்கும்.

இது வெறுங் கற்பனையன்று. கண்ணால் கண்டதை வரிசை மாறாமல் நினைவிற்கொள்ள முயல்வோரை, அவர் அறியாத அயல்மொழிப் பேச்சும் இடர்ப்படுத்துகின்றது என்று 1976இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. பியர் சலாமே, ஆலன் பாடெலி என்னும் உளநூல் அறிஞர் இருவர், 1989இல் இசையைக்கொண்டு இத்தகைய சோதனை நிகழ்த்தினர். பாடல் ஒலித்தபோது எண்களை நினைவிற்கொள்ளும் ஆற்றல் மிகவும் குன்றியது. கருவியிசை ஒலித்தபோது அத்துணைக் குன்றவில்லை. செவியை மூடிக்கொள்ள இமை இல்லை. ஆதலின் கேளாதிருக்க எண்ணினும் சொல் உள்ளே புகுந்துவிடுகின்றது.

சொல்லில்லாத மெல்லிசையாயின் தீங்கில்லையோ எனின், மேனாட்டார் அதனையும் முயன்று பார்த்தனர். பிரெஞ்சு இசைவாணர் எரிக் சத்தி என்பார், அறையிலுள்ள நாற்காலி மேசைபோல் ஒருவரும் கவனியாது விடத்தக்க இசையை அமைக்க விரும்பினார். 1920இல் பாரிசு நகரில், நாடக இடைவேளையில் அவ்விசை முழங்கிற்று. மக்களோ பேச்சை விடுத்து, இருக்கைகளுக்குத் திரும்பி உற்றுக் கேட்கலாயினர். “பேசுங்கள், கேளாதீர்கள்” என்று சத்தியே அவர்களை வேண்டநேர்ந்ததாம்! பின்னர், 1978இல் ஆங்கிலேயரான பிரயன் ஈனோ, விமான நிலையங்களுக்கென மெல்லிய சூழலிசை ஒன்றை வெளியிட்டார். கேட்பின் இனிமை தரவும், கேளாது விடின் இடையூறு செய்யாதிருக்கவும் அமைந்தது அது. அதனை ஒத்த இசையையே இன்று பலர் எழுதும்போது ஒலிக்கவிடுகின்றனர்.

அவர்கள் பக்கமும் நீதி உண்டு. ஒரே அறையுள்ள வீட்டில், ஒருபுறம் தொலைக்காட்சியும் மறுபுறம் உரையாடலும் நிகழ, நடுவே அமர்ந்து எழுதும் பிள்ளைகள் எத்துணையோ பேர். அன்னோர்க்குச் சொல்லில்லாத மெல்லிசை, வெளியிரைச்சலை மறைக்கும் திரையாகலாம். திரை வேண்டுமிடத்தில் திரை கட்டுதல் தவறன்று. ஆயின், அமைதி கிடைக்கும் இடத்திலும் திரையை விடாது பற்றுவோர், தம் தொடரின் ஓசையைத் தாமே கேளாது எழுதுகின்றனர். அதனால் எழுத்தும் நலிகின்றது, இசையும் சிறுமையுறுகின்றது. இவ்விரண்டாம் இழப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இசைக்கு முன்னோர் அளித்த மதிப்பை அறியக் குடுமியான்மலைக்குச் செல்லுதல் வேண்டும். புதுக்கோட்டை நகருக்கு அணித்தாயுள்ள அவ்வூரின் குடைவரைக் கோயிலருகே, பாறைமீது இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் எழுத்து ஏறத்தாழக் கி.பி. 7ஆம் நூற்றாண்டினது என்பர். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகள் அதில் நிரல்பட நிற்கின்றன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய ஓர் அரசன், மாணாக்கர் நன்மைக்காக இவற்றை இயற்றினான் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. அவன் மகேந்திரவர்ம பல்லவன் என்பாரும் உளர். அல்லன் என்பாரும் உளர். அவன் எவனாயினும், அவன் கருத்து ஐயத்திற்கிடமின்றி விளங்குகின்றது. இசை, பிற வேலைக்கிடையே காதில் விழுந்து கழியும் ஒலியன்று. மாணவர் மனம் ஊன்றிக் கற்கவேண்டிய கலை. ஓரெழுத்து மாறினும் ஒரு சுரம் மாறிவிடும் அப்பாறையில், உளியைப் பிடித்தவனும் கவனத்தைச் சிதறவிட்டிருத்தல் இயலாது.

ஆதலின் மாணவர், எழுதும் நேரத்தை எழுத்துக்கே அளித்தல் வேண்டும். எழுதி முடித்தபின், ஏட்டை மூடி வைத்து, அரை மணி நேரமேனும் வேறொன்றும் செய்யாது நல்லிசை கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்டுப் பழகிய செவி, மறுநாள் எழுதும்போது சொல்லின் ஓசையையும் பிழையறக் கேட்கும். இசை எழுத்துக்குச் செய்யும் உண்மையான உதவி அதுவே.