உயரம் தருவது எது?

"எதிர்வீட்டுப் பெண் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள்; நம் பெண் மட்டும் அப்படியே இருக்கிறாளே!" என்று கவலைப்படாத தாயார் உண்டா? இந்தக் கவலையை நம்பித்தான், 'சில மாதங்களில் உயரம்' என்று சொல்லும் மாவு டப்பா விளம்பரங்கள் பிழைக்கின்றன. கைப்பணத்தைக் கொடுக்கும் முன், சகோதரிகளே, எலும்பு எப்படி நீளுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எலும்பு ரப்பரைப் போல் இழுபட்டு நீளுவதில்லை. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் இதைச் சோதித்துப் பார்த்து 1727-ல் எழுதி வைத்தார். ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குலம் இடைவெளி விட்டு இரண்டு துளைகள் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், எலும்பு நன்றாக நீண்டிருந்தது. துளைகளுக்கு நடுவே மட்டும் அதே அரை அங்குலந்தான்! வளர்ச்சி நடந்தது முனைகளில்.

நீங்கள் பூத் தொடுப்பதில்லையா? தொடுத்த பூக்கள் இடம் மாறுவதில்லை. நுனியில் தொடுக்கத் தொடுக்கச் சரம் நீளுகிறது. எலும்பும் அப்படித்தான். கை கால் எலும்புகளின் முனைக்குச் சற்று உள்ளே குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதுதான் வளர்ச்சித் தகடு. அதிலுள்ள உயிரணுக்கள் பெருகி, பருத்து, கடைசியில் தங்கள் இடத்தை எலும்புக்கு விட்டுக் கொடுக்கின்றன.

ஆனால் கூடையில் பூ எவ்வளவு நேரம் இருக்கும்? பிறந்த குழந்தை முதல் வருஷத்தில் சுமார் 25 செண்டிமீட்டர் வளருகிறது. இரண்டாம் வருஷத்தில் அதில் பாதிதான். அப்புறம் வருஷத்துக்கு ஐந்தாறு செண்டிமீட்டர். உயிரணுக்கள் பெருகப் பெருக அவற்றின் சக்தி குறைந்துகொண்டே போகிறது.

பருவ வயதில் மறுபடி ஒரு வேகம் பிறக்கும். அதோடு முடிவும் நெருங்கும். தகட்டை மூடச் செய்வது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் இதுவேதான்! 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வாலிபரைப் பற்றி எழுதினார்கள். அவர் உடல் இந்த ஹார்மோனுக்குச் செவி சாய்க்கவில்லை. வயது 28, உயரம் 204 செண்டிமீட்டர், தகடுகள் அப்போதும் மூடவில்லை!

பெண்கள் பெரும்பகுதி வளர்ந்துவிடுவது ருதுவாவதற்கு முன்னால்தான். அதன் பிறகு சாதாரணமாக ஐந்திலிருந்து ஏழு செண்டிமீட்டர் வளருவார்கள், அவ்வளவுதான். ஆகவே எட்டு வயது நிரம்புமுன்னே மார்பு வளரத் தொடங்கினால், "நல்ல வளர்த்தி" என்று பூரித்துப் போய்விடாதீர்கள். வகுப்பிலேயே உயரமாக இருந்த அந்தக் குழந்தை, தகடு சீக்கிரம் மூடிவிடுவதால், கடைசியில் குள்ளமாக நின்றுவிடலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்துவிடுவார்கள். தேவையானால் பருவத்தைச் சற்று நிறுத்தி வைக்க ஊசி மருந்தும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். விளையாடும்போது பிள்ளை கீழே விழுந்து மணிக்கட்டோ கணுக்காலோ வீங்கினால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். குழந்தைகளுக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட இந்தத் தகடு பலவீனமானது. அடி பட்டது தகட்டில் என்றால், கவனியாமல் விட்ட கை கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பால், கேழ்வரகு, பருப்பு, முட்டை, கொஞ்சம் வெயில், நல்ல தூக்கம் இவை தகடு திறந்திருக்கும்வரை பலன் தரும். மூடிய தகட்டை எந்த மாவும் திறக்காது. கம்பியில் தொங்கினாலும் திறக்காது.

பெற்றோர் குட்டையானால் பிள்ளையும் குட்டையாக இருப்பது குற்றமல்ல. ஆனால் பிறந்தநாள்தோறும் சுவரில் நிறுத்தி ஒரு கோடு போட்டு வாருங்கள். நாலு வயதுக்கு மேல், பருவம் வருமுன், வருஷத்துக்கு நாலு செண்டிமீட்டர்கூட ஏறவில்லையானால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். காரணம் தைராய்டுக் குறையானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, தகடு மூடுவதற்கு முன்னால் போனால்தான் வைத்தியத்துக்கு வழி உண்டு.