விதை வச்சிருக்கீங்களா?

உங்க செல்போன் கெட்டா கடைக்கே கொண்டுபோய்க் காட்டலாம். ராசிபுரம் பக்கம் எங்க காட்டுல போட்ட மக்காச்சோளம் பாதிகூட முளைக்கலைங்க. கடையில கேட்டா, "ஆய்வுக்கு அனுப்ப விதை வச்சிருக்கீங்களா?"ங்கிறாங்க. ஈரம் காயறதுக்குள்ள மொத்தப் பையையும் விதைச்சவன்கிட்ட விதை ஏது? வழக்குக்குன்னு எடுத்து வச்சுட்டா விதைப்பான்?

நுகர்வோர் ஆணையத்துலயும் கம்பெனி வக்கீலுங்க இதையேதான் கேக்கறாங்க. தேசிய விதைக் கழக வழக்குல 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: விவசாயியும் நுகர்வோர்தான், அவன் விதை மாதிரி வச்சிருப்பான்னு எதிர்பார்க்க முடியாது, கம்பெனியே தன்கிட்ட இருக்கற மாதிரியை ஆய்வுக்குக் கொடுத்திருக்கலாமே! ஆய்வு தேவைப்பட்டாலும் 5 மாசத்துல முடிக்கப் பார்க்கணும்ங்கிறது 2019 சட்டம். வாய்தாவுக்கு அது தெரியுமா?

வேளாண்மை அலுவலரைக் காட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். பில்லு பத்திரமா இருக்கு. ஆடிப்பட்டந்தான் போச்சு.