நாற்பதில் நான்கைக் காணோம்

கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணும் ரஷ்யக் குழந்தை, ஒன்றுக்கு 'அதீன்' என்று சொல்லாது. 'ராஸ், த்வா, த்ரி' என்றே ஓடும். அகராதியில் ஒன்று என்றால் அதீன்தான். ராஸ் என்பதற்கு 'ஒரு தடவை' என்று பொருள். எண்களை அட்டையில் அச்சிட்டு ஒப்பிக்கவைக்கும் பாடங்கள் முதல் படியிலேயே சறுக்குவது இங்கேதான்.

அந்த அட்டையின் ஓரத்தில் ஒரு மத்ரியோஷ்கா பொம்மையை வரைந்துவிட்டு, பண்பாட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். பொம்மையை ஓரத்திலிருந்து எடுத்து மேசை நடுவே வைத்துத் திறந்து பார்க்கட்டும். ஒன்று நிற்கும்போது 'அத்னா மத்ரியோஷ்கா'. அதன் வயிற்றிலிருந்து அடுத்தது வந்ததும் 'த்வே மத்ரியோஷ்கி'. மூன்றுக்கும் நான்குக்கும் அதே 'மத்ரியோஷ்கி'தான். ஐந்தாவது வெளியே வந்தவுடன் பெயரின் வால் மறுபடி மாறி, 'பியாத் மத்ரியோஷெக்' ஆகிவிடுகிறது. பொம்மை பெண்பால் என்பதால் ஒன்றும் இரண்டும்கூட உருமாறியிருப்பதைக் கவனிக்கலாம். பெரியவர்கள் வேற்றுமைப் பட்டியலை வைத்துக்கொண்டு திண்டாடும் இந்த விதியை, ஒவ்வொரு பொம்மையாக வரிசையில் நிறுத்தும் குழந்தை காதாலேயே பிடித்துக்கொள்ளும். 1890களில் செய்யப்பட்ட முதல் மத்ரியோஷ்காவில் எட்டு உருவங்கள். செர்கியெவ் பொசாத் நகரின் பொம்மை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. எட்டு வரை எண்ண அதுவே போதும்.

பத்துகளுக்கு வந்தால் இன்னொரு வேடிக்கை. இருபது த்வாத்சத், முப்பது த்ரீத்சத். இரண்டும் மூன்றும் உள்ளே தெளிவாகக் கேட்கின்றன. நாற்பதில் மட்டும் நான்கைக் காணோம்: 'சோரக்'. பழைய ரஷ்யாவில் சேபிள் என்ற சிறு காட்டுவிலங்கின் தோலை நாற்பது நாற்பதாகக் கட்டி விற்றார்கள், அந்தக் கட்டின் பெயரே எண்ணுக்கு வந்தது என்பது பரவலான விளக்கம். சைபீரியப் பனி, தோல் வணிகம், ஜாரின் கஜானா எல்லாம் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும்போது, அதை வெறும் விதிவிலக்கு என்று தள்ளிவிட்டுப் போகிற ஆசிரியரை என்ன சொல்வது? தொண்ணூறும் சும்மா இல்லை. 'திவ்யனோஸ்தா' என்ற சொல்லின் வாலில் 'ஸ்தோ', அதாவது நூறு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் தொண்ணூறுக்குள் நூறு எட்டிப் பார்ப்பதை அறிந்த பிள்ளை இதைக் கேட்டுச் சிரிக்கும்.

கைவிரலில் எண்ணும்போது ரஷ்யர்கள் விரித்த கையின் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்குவார்கள்.

விரல் என்றால் மேக்பை பறவையையும் சொல்லியாக வேண்டும். குழந்தையின் உள்ளங்கையில் கஞ்சி கிண்டுவதுபோல் வட்டமிட்டு, பறவை தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதாகச் சொல்லி ஒவ்வொரு விரலாகப் பிடிப்பாள் பாட்டி. கடைசி விரலுக்குக் கஞ்சி கிடையாது. தண்ணீர் சுமக்கவில்லை, விறகு வெட்டவில்லை என்பது அதன்மேல் குற்றச்சாட்டு. நம் வீட்டில் பருப்பு கடையும் அதே உள்ளங்கைதான், தண்டனை மட்டும் கூடுதல்.

எண்ணிக்கை தப்பினால் வம்பாகும் இடம் பூக்கடை. உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுக்க வேண்டும். இரட்டைப்படை இறந்தவருக்கு உரியது. செப்டம்பர் 1 அன்று பள்ளி திறக்கும்போது ஆசிரியருக்குப் பூச்செண்டு கொண்டுபோகும் பிள்ளைக்கு இது வீட்டிலேயே தெரிந்துவிடும். அட்டையில் மட்டும் எண் படித்தவர், அரை டஜன் என்று கணக்குப் போட்டு, ஆறு ரோஜாவோடு பிறந்தநாள் வீட்டு வாசலில் போய் நிற்பார்.