ஐந்தாவது சக்கரத்தையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறேன். 2010-ஆம் வருட மாருதி ஸ்விஃப்ட் டிசையர் டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போவதும் அதில்தான். நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. இருப்பது இரும்பு ரிம், டயர் 165/80 R14. மகன் 16 இஞ்ச் அலாய் வீல் போடலாம் என்கிறான். கடைக்காரர் 15 இஞ்ச் போதும் என்கிறார். அடுத்த மாதம் தாளவாடியில் இருக்கும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். எதைப் போடுவது? ஸ்டெப்னியை ஒருநாளும் கழற்றியதில்லை, புதிதாகவே இருக்கிறது. அதனால் நான்கு மட்டும் வாங்கினால் போதும்தானே?

பதில்: உரத்துக்கும் பூச்சிக்கும் பதில் எழுதுகிறவரிடம் கார் டயரைக் கேட்கிறாரே என்று பத்திரிகை அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேளாண்மைக் கல்லூரியில் பண்ணைக் கருவிகள் பாடத்தில் சக்கரத்தைப் பற்றியும் படித்தேன். ஆனால் ஸ்டெப்னியைப் பற்றிப் படித்தது கல்லூரியில் அல்ல, நடுரோட்டில். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டிராக்டர் பின் டயரில் 13.6-28 என்று இருந்தால், அகலம் 13.6 இஞ்ச், ரிம் 28 இஞ்ச் என்று உங்களுக்கே தெரியும். கார் டயரில் நடுவில் இன்னொரு எண் சேர்கிறது. 165/80 R14 என்றால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. கடைசி எண் ரிம்மின் அளவு, 14 இஞ்ச். கீழே ஒரு பக்கச்சுவர், மேலே ஒரு பக்கச்சுவர், நடுவில் ரிம். மூன்றையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. வருகிறது.

இந்த 620-ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த அளவை மாற்றினாலும் மொத்த உயரம் இதையொட்டியே இருக்க வேண்டும். உங்கள் காருக்குச் சொல்லப்படும் அளவுகளைப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது:

165/80 R14: பக்கச்சுவர் 132 மி.மீ., மொத்த உயரம் 620 மி.மீ.
185/70 R14: பக்கச்சுவர் 130 மி.மீ., மொத்த உயரம் 615 மி.மீ.
185/65 R15: பக்கச்சுவர் 120 மி.மீ., மொத்த உயரம் 622 மி.மீ.
195/55 R16: பக்கச்சுவர் 107 மி.மீ., மொத்த உயரம் 621 மி.மீ.

மொத்த உயரத்தில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே உங்கள் மகன் சொல்வது தப்பான கணக்கு இல்லை. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் குறைகிறது. 14-லிருந்து 16-க்குப் போனால் 25 மி.மீ. போய்விடுகிறது. நகரத்துத் தார் ரோட்டில் அது அழகு. உங்கள் தோட்டத்து மண் பாதையிலும், மழைக்குப் பின் பள்ளம் விழுந்த ஊர் ரோட்டிலும் அடியை வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளியும், டயர்க் கடையில் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. அந்த ரிம்மை நம்பித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க முடியாது.

உயரத்தைக் கவனிக்காமல் "அகல டயர், நல்லா நிற்கும்" என்று 205/65 R15 போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உயரம் 647 மி.மீ.க்கு மேல். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டின் உள்பக்கம் உரசும். மீட்டரில் 60 என்று காட்டும்போது வண்டி 62, 63-ல் ஓடிக்கொண்டிருக்கும்.

என் தேர்வு

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 14 இஞ்ச் இரும்பு ரிம்மையே வைத்துக்கொண்டு, 185/70 R14 அளவில் டயர் போடுவேன். அந்த மாடல் டிசையரின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவு அது. உங்கள் ரிம்மிலும் உட்காரும். 20 மி.மீ. அகலம் கூடுவதால் ஈர ரோட்டில் பிடிமானம் கூடும், பக்கச்சுவரும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், ஸ்டியரிங் சற்றுக் கனமாகத் தெரியலாம். அது வேண்டாம் என்றால் பழைய 165/80-யே போடுங்கள். அதிலும் குறை ஒன்றும் இல்லை.

அளவுக்குப் பக்கத்தில் 85T, 88H என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண் டயர் தாங்கும் எடை. 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ, 88 என்றால் 560 கிலோ. எழுத்து வேகத்துக்கு உரியது: T என்றால் மணிக்கு 190 கி.மீ., H என்றால் 210. நமக்கு வேகம் முக்கியம் இல்லை, எடை முக்கியம். இப்போது இருக்கும் டயரின் எண்ணைவிடக் குறைவானதை, விலை மலிவு என்று தள்ளினாலும் வாங்காதீர்கள்.

மகன் மனம் நோகக் கூடாது, அலாய்தான் வேண்டும் என்றால் 15 இஞ்சோடு நிறுத்துங்கள். 185/65 R15 என்பது பின்னால் வந்த மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனி கொடுத்த அளவு. ஆனால் ரிம் வாங்கும்போது நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, நட் துளைகள். உங்கள் காருக்கு நான்கு துளை, அவை நிற்கும் வட்டம் 100 மி.மீ. கடையில் 4×100 என்பார்கள். ஆல்டோவின் ரிம்முக்கும் நான்கு துளைதான், ஆனால் வட்டம் வேறு. துளைகளை எண்ணிப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

இரண்டு, நடு ஓட்டை. உங்கள் காரின் ஹப் 54.1 மி.மீ. ரிம்மின் ஓட்டை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்று, ரிம் வெளியே தள்ளி நிற்கக் கூடாது. பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பேரிங்கின் மேல் சுமை கூடும், பாரம் ஏற்றினால் மட்கார்டில் இடிக்கும்.

நான்கு, முத்திரையும் பில்லும். டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ரிம்மிலும் அதைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். கம்பெனியே கொடுத்த அளவுக்குள் நின்றால் அங்கேயும், இன்ஷூரன்ஸிலும் வீண் பேச்சு வராது.

புதிதாக இருக்கும் ஸ்டெப்னி

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

ஸ்டெப்னி ஒருநாளும் வெளியே வந்ததில்லை, புதிதாக இருக்கிறது என்கிறீர்கள். டிக்கியைத் திறந்து டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2310 என்று இருந்தால் 2010-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். விதைப் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் விதையும் காலம் கடந்தால் முளைக்காது. ரப்பரும் அப்படித்தான். ஓடாவிட்டாலும் வயதாகும், இறுகும், உள்ளே வெடிக்கும். பத்து வருடம் ஆன டயரை, பட்டன் முழுதாக இருந்தாலும், ஸ்டெப்னியாக இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன பல டயர் கம்பெனிகள். காரோடு வந்த ஸ்டெப்னி என்றால் அதற்கு வண்டியின் வயதுதான்.

ஆகவே நான்கு டயர் அல்ல, ஐந்து டயர் வாங்குங்கள். கையில் காசு போதாது என்றால் அலாய் வீலை விடுங்கள், ஐந்தாவது டயரை விடாதீர்கள். வாங்கும் ஐந்திலும் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். கடையில் இரண்டு வருடம் தூங்கிய டயரைப் புதிது என்று தருவார்கள்.

அலாய் போடுவதானால், பழைய இரும்பு ரிம்களில் நெளிவு இல்லாத ஒன்றில் புது 165/80 R14 டயர் மாட்டி ஸ்டெப்னியாக வையுங்கள். மொத்த உயரம் 2 மி.மீ. மட்டுமே வித்தியாசம் என்பதால் பஞ்சர் கடை வரை நிதானமாகப் போய்விடலாம். அந்த உயரக் கணக்கை நான் வற்புறுத்தியது இதற்காகவும்தான். ஆனால் பழைய வீல் நட்டுகளில் நான்கைத் துணியில் கட்டி ஸ்டெப்னியோடு வைக்க மறக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அலாய் போட்டிருந்தார். எனக்கும் பெருமைதான். ஒருநாள் இரவு அப்பாவுக்குத் திடீரென்று வாய் கோணியது, ஒரு பக்கம் கை துவண்டது. பின் சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன். பாதி வழியில் முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தேன், காற்று இருந்தது, மகிழ்ந்தேன். மாட்டினால் நட் இறுகவில்லை. அலாய்க்கான நட் வேறு, இரும்பு ரிம்முக்கான நட் வேறு. பழைய நட் யாரிடமும் இல்லை. ரிம் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்பா பிழைத்தார். ஆனால் கடைசி வரை டம்ளரை இடக்கையால்தான் பிடித்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தால்தானா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை.

உங்கள் பெண்ணை அழைக்கப் போகும் முன்

டயர் மாட்டிய கையோடு அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துவிடுங்கள். 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அலாய்க்கு இது மிகவும் அவசியம். காற்றின் அளவு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய சீட்டில் இருக்கும். ஆள் ஏறும் நாளில் பாரத்துக்குச் சொன்ன அளவை வையுங்கள். ஸ்டெப்னிக்கு எப்போதும் அந்த அளவு இருக்கட்டும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

பிறகு ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில், நீங்களும் மகனும் ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். ஜாக்கி தூக்குகிறதா, ஸ்பேனர் நட்டில் உட்காருகிறதா, நட் இறுகுகிறதா என்று தெரிந்துவிடும். டார்ச் லைட் ஒன்றும், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டையும் டிக்கியில் போடுங்கள்.

புது கார்களில் ஸ்டெப்னியே வருவதில்லையே என்று மகன் கேட்கலாம். காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் உள்ள கார்களுக்கு 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். உங்கள் காரில் அந்தக் கருவி கிடையாது, திம்பம் ரோட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பஞ்சர் கடையும் கிடையாது.

மற்ற வாசகர்களும் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் டிக்கியைத் திறந்து அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள். உங்கள் பெண் நல்லபடியாக வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் ஐயா. அதோடு உங்கள் மல்லிகையைப் பற்றியும் ஏதாவது கேளுங்கள், நானும் என் வேலைக்குத் திரும்ப வேண்டும்.